தளிரழகி டப்பாவின் இடது பக்கம்

சிவகாசி,
12.3.2008

அன்புள்ள கொழுந்தியாள் ஷாஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹக்கீம் மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், வெயிலைத் திட்டிக்கொண்டு சுகம்.

'கொழுந்தியாள்' என்று எழுதிவிட்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து மச்சினன் என்று எழுதிப் பழகிய கை. ஆனால் கணக்குப் பார்த்தால் எனக்கு லாபம்தான். மச்சினனைக் கேலி செய்தால் திருப்பி அடிப்பான். கொழுந்தியாளைக் கேலி செய்ய எனக்குப் பாத்தியதை உண்டு, யாரும் கேட்க முடியாது.

ஏன் போன் பேசாமல் எழுதுகிறேன் என்று கேட்பாய். அச்சாபீஸில் மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வீட்டில் பேசினால் உன் அக்கா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் பட்டாசு லேபிள் கழிவு ஷீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். திருப்பிப் பார், பாதி சங்குச் சக்கரம் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் உனக்கு ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்து ஏழு மாசம் ஆகிறது என்று எழுதியிருந்தாயே, அதை உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். நீ சென்னைக்குப் போன இந்த நாலு வருஷத்தில் பைரோஜா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது உனக்கே தெரியும். நேற்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த மாத்திர ஈரல அரிச்சிருமாமே? இயற்கையா ஒண்ணும் கெடையாதா?" கேட்டுவிட்டாள் ஷாஹிதா! எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அல்லாவின் கருணையைப் பார். போன மாதம்தான் 'தளிரழகி' என்று ஒரு மூலிகை கேப்ஸ்யூலுக்கு டப்பா டிசைன் செய்தேன். தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம், சோம்பு, அதிமதுரம். பெண்மைக்குப் பொலிவு, பக்கவிளைவு அற்றது, மருத்துவ வல்லுநர்களால் பரிசோதிக்கப்பட்டது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி பெத்தணன் நல்ல மனுஷன், "உங்க ஆளுகளுக்குக் குடுங்க" என்று ஆறு பாட்டில் தந்தார். உன்னைப் போன்றவர்களும் வாங்குகிறார்களாம். அக்காவிடம் டப்பாவைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "அந்த மாத்திரைய விட்டுட்டு இதச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். பார்சலைக் கட்டியதும் அவள்தான்.

டப்பாவின் பச்சை நிறத்தைக் கவனி. அந்தப் பச்சை வருவதற்கு நாலு தடவை பிளேட் மாற்றினேன்.

உன் மச்சான்,
அப்துல் ஹக்கீம்


சென்னை,
24.3.2008

மரியாதைக்கும் கேலிக்கும் உரிய மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பச்சை நன்றாக இருக்கிறது. போதுமா?

முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா கொடுப்பது இரண்டு. ஒன்று பெண்ணுக்கான ஹார்மோன், இன்னொன்று ஆண் ஹார்மோனை அடக்கி வைப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டுவார், குறைப்பார். என்னோடு தங்கியிருக்கும் பொன்னுத்தங்கத்தை உங்களுக்குத் தெரியாது. சாத்தூர்க்காரி, என்னைப் போலத்தான். அவள் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கல் கடையில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை வாங்கி, சாக்லேட் தின்பதுபோல் தின்கிறாள். நான் அவளைத் திட்டுவேன். அவள் என்னை "ஆஸ்பத்திரி மகராசி" என்பாள்.

இந்த ஏழு மாதத்தில் கன்னம் மிருதுவாகியிருக்கிறது மச்சான். நெஞ்சில் வலி இருக்கிறது, நல்ல வலி. காலையில் கண்ணாடி முன்னால் நிற்க இப்போது பயமில்லை. தையல் கடையில் ஜாக்கெட் அளவெடுக்க வருகிற பெண்கள் என்னிடம் கூச்சப்படாமல் கையைத் தூக்குகிறார்கள். இதையெல்லாம் உங்களிடம் எழுத எனக்கும் கூச்சம்தான், எழுதிவிட்டேன்.

அப்புறம் பார்சலைப் பிரித்தேன். சணலில் இரட்டை முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. அக்கா கட்டுகிற கட்டு. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன், அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அத்தா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவள். நாலு வருஷமாக நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடக் கேட்காதவள், இப்போது என் ஈரலைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அவள் என்னிடம் கேட்டிருக்கிற முதல் காரியம் இது. இதற்கு எப்படி முடியாது என்று சொல்வது?

மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். நேற்றிலிருந்து தளிரழகிதான், காலை இரண்டு, இரவு இரண்டு. டாக்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பொன்னுத்தங்கம் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, "ரசப்பொடி வாசம் அடிக்குதுடி" என்றாள்.

அக்காவுக்கு என் ஸலாம். வாங்கிக்கொண்டாளா இல்லையா என்று எழுதுங்கள்.

ஷாஹிதா


சிவகாசி,
15.6.2008

அன்புள்ள ஷாஹிதா,

ஸலாம். தாமதத்துக்குக் கோபிக்காதே. தீபாவளி சீசனுக்கு லேபிள் ஆர்டர் குவிந்துகிடக்கிறது. நாரணாபுரம், விஸ்வநத்தம் என்று கம்பெனிக்காரர்கள் ஆளாளுக்கு வந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒருவருக்கு ராக்கெட் மேல் சிங்கம் வேண்டும், இன்னொருவருக்குச் சிங்கத்தின் மேல் ராக்கெட் வேண்டும்.

அக்கா ஸலாமை வாங்கிக்கொண்டாள். வாயால் இல்லை, தலையால். அதோடு போன வாரம் என்ன செய்தாள் தெரியுமா? கறிக்கடையில் யாரோ தூரத்துச் சொந்தம், "ஒங்க தம்பி எங்க இருக்காப்ல?" என்று கேட்டதற்கு, "சென்னையில. தையல் வேல. நல்லாருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். தம்பி என்றும் சொல்லவில்லை, தங்கை என்றும் சொல்லவில்லை, நழுவிவிட்டாள். எனக்கு அதுவே பெருநாள் மாதிரி இருந்தது.

இன்னும் எட்டு பாட்டில் அனுப்புகிறேன். இதையும் அவளே கட்டினாள். மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

மச்சான்


சென்னை,
3.8.2008

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்டாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள்.

வேலை செய்யவில்லை. ஒன்றரை மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நெஞ்சின் வலி போய்விட்டது, அதோடு வந்திருந்ததும் வற்றிக்கொண்டே போகிறது. உடம்பு முடி பழையபடி தடிக்கிறது. கடைக்குப் போகுமுன் இரண்டு தடவை சவரம் செய்கிறேன். போன வாரம் ஒரு பெண் அளவெடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பிரமையாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

இதோடு இன்னொன்று. கால் வீக்கம், கெண்டைக்காலில் இழுப்பு, ஓயாத தலைவலி. பொன்னுத்தங்கம்தான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரிடமே போகாதவள் என்னை டாக்டரிடம் சேர்த்தாள்! ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு மேல். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறதாம். டாக்டரம்மா சத்தம் போடவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெந்தயமும் சோம்பும் சமையலில் போடுவதுதான், தண்ணீர்விட்டான் கிழங்கிலும் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் எதுவும் அந்த இரண்டு மாத்திரையின் வேலையைச் செய்யாது என்றார். அதிமதுரத்தை மாசக்கணக்கில் இப்படித் தின்றால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும் என்றார். அழுத்தம் அடங்கிய பிறகுதான் மாத்திரையை மறுபடி தருவாராம். ஏழு மாதம் சேர்த்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது மச்சான், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

கடைசியில் டப்பாவின் இடது பக்கத்தைக் காட்டிக் கேட்டார்: "மருத்துவ வல்லுநர்களால் பரிசோதிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கே, எந்த ஊர் டாக்டர்? எங்க பரிசோதிச்சாங்க?" எனக்குத் தெரியாது, ஆனால் டிசைன் செய்தது என் மச்சான், கேட்டுச் சொல்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பார்ட்டியிடம் கேட்டு உடனே எழுதுங்கள்.

ஷாஹிதா


சிவகாசி,
9.8.2008

ஷாஹிதா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று ஷீட்டைக் கிழித்துவிட்டேன். பார்ட்டியிடம் கேட்க வேண்டிய அவசியமில்லை. அந்த வரியை எழுதியது நான்.

டப்பாவின் இடது பக்கத்தில் சரக்குப் பட்டியலுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் காலியாக இருந்தது. பெத்தணன் பார்த்துவிட்டு, "மொட்டையா இருக்குங்க, ஏதாச்சும் நல்லதாப் போட்டு விடுங்க" என்றார். நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். பழைய பைல்களைத் திறந்தேன். பக்கவிளைவு அற்றது என்பதை ஒரு தலைச்சாயப் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். அந்த அழகான இலை முத்திரை வெண்டைக்காய் விதைப் பாக்கெட்டில் இருந்தது. மருத்துவ வல்லுநர் வரி மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாட்டுத் தீவன மூட்டைக்கு நான் செய்தது. அங்கே 'கால்நடை மருத்துவ வல்லுநர்களால்' என்று இருந்தது. முதல் வார்த்தையை நீக்கினேன். வரி சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்தது, எனக்குத் திருப்தியாக இருந்தது.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எந்த லேபிளிலும் எந்த வரியும் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எப்படி உனக்கு அனுப்பினேன் என்று ராத்திரி பகலாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேறு பதில் கிடைக்கவில்லை, இதுதான்: அச்சாகி வந்த எட்டாயிரம் டப்பாவும் நாலு கலரில், பளபளப்பாக, அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் படித்தேன். நானே எழுதியதை நானே நம்பிவிட்டேன். வெடிப் பெட்டியில் சிங்கத்தை வரைந்துவிட்டு அதைப் பார்த்துப் பயந்தவன் கதைதான் என் கதை.

அச்சாபீஸ் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் போய், மறு ஆர்டர் வந்தால் அந்த வரிகள் இல்லாமல்தான் பிளேட் போடுவேன் என்றேன். "நாம அச்சடிக்கிறவுக ஹக்கீம். உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது நம்ம சோலியா?" என்றார். என் மச்சினி தின்றாள் அண்ணாச்சி என்றேன். உன்னை அவர் சின்ன வயசில் லேபிள் ஒட்ட வந்த பிள்ளையாகத்தான் அறிவார். கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "பார்ட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். பெத்தணன் மறுநாளே வேறு அச்சாபீஸுக்குப் போய்விட்டார். அங்கே அந்த வரி அப்படியேதான் அச்சாகும், தெரியும். என் கையால் இல்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் ஏழு மாதத்தைத் தின்றவன் நான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஹக்கீம்


சென்னை,
20.8.2008

மச்சானுக்கு,

மாட்டுத் தீவனம் என்று படித்ததும் கோபம் வந்தது. நிஜமான கோபம், மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிற மாதிரிக் கோபம். பொன்னுத்தங்கத்திடம் வாசித்துக் காட்டினேன். அவள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். "அதான் ஒனக்கு ஒத்துக்கல, பசுமாடா இருந்தா ஒத்துக்கிட்டிருக்கும்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் பாதி அங்கேயே செத்தது, மீதியை எழுதுகிறேன்.

லேபிள் என்னை ஏமாற்றவில்லை. நானும் சிவகாசியில் பிறந்தவள்தானே? பசை வாளியோடு வளர்ந்தவள். அந்த வரியைப் படித்தபோதே இது மச்சான் கைவேலை என்று உள்ளுக்குள் தோன்றியது. தள்ளிவிட்டேன். நான் விழுங்கியது கேப்ஸ்யூலை இல்லை, அக்கா போட்ட முடிச்சை. அவள் கட்டி அனுப்பியது விஷமாக இருந்தாலும் தின்றிருப்பேன் என்று இப்போது புரிகிறது, புரிந்ததும் பயமாக இருக்கிறது. என் உடம்பை அவளுக்குக் கொடுத்து அவளை வாங்கப் பார்த்திருக்கிறேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

அழுத்தம் இறங்கிவிட்டது. முந்தாநாளிலிருந்து மாத்திரையை மறுபடி தந்திருக்கிறார், குறைந்த அளவில்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லுங்கள். எனக்கு என்ன வேண்டும் என்றும் சொல்லுங்கள்: எனக்கு மருந்து அனுப்ப வேண்டாம், அவள் வர வேண்டும். வீட்டாள் ஒருவர் வந்து எல்லாவற்றையும் ஒருதடவை நேரில் கேட்டுக்கொண்டால் நல்லது என்று டாக்டரம்மாவும் சொல்கிறார். அக்டோபர் பதின்மூன்று, திங்கள்கிழமை. வரவில்லை என்றால் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்த மாட்டேன். ஆனால் இனி அவளைப் பற்றி உங்களிடம் கேட்கவும் மாட்டேன்.

ஷாஹிதா


சிவகாசி,
5.10.2008

அன்புள்ள ஷாஹிதா,

பெருநாள் முபாரக். சொன்னேன். எல்லாம் சொன்னேன், தீவன மூட்டை உட்பட. பைரோஜா என்னைத் திட்டவில்லை. நோன்பு முழுக்க என்னிடம் பேச்சு குறைவு, கஞ்சியில் உப்பும் குறைவு. நேற்று திடீரென்று, "எனக்கு ஒரு டிக்கெட் போடுங்க. நீங்க வர வேணாம்" என்றாள். பன்னிரண்டாம் தேதி பொதிகை எக்ஸ்பிரஸ். மறுநாள் காலையில் எழும்பூருக்குப் போய்விடு. அவள் தனியாக ரயிலேறுவது இதுதான் முதல் தடவை.

மச்சான்


சென்னை,
16.10.2008

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் மனைவியைப் பத்திரமாக ரயிலேற்றிவிட்டேன். அவள் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன்.

எழும்பூரில் இறங்கியவள் என்னைப் பார்த்தாள். நான் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தேன். தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, தோள் தையலைத் தொட்டு, "இத யாரு தச்சது?" என்றாள். நான்தான் என்றேன். "கையி ஏத்தமா இருக்கு, அரை இஞ்சி எறக்கணும்" என்றாள். நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு அதுதான் மச்சான். பையை என் கையில் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வர மதியம் ஆகிவிட்டது. அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முதல் கேள்வியே, "இந்த மாத்திரையில கெடுதல் இருக்கா, இல்லையா? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றாள். நான் பயந்துபோனேன். டாக்டரம்மா, "இருக்கும்மா" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். காலில் ரத்தம் உறையலாம், வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே வர வேண்டும். ஈரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பிறக்க வாய்ப்புப் போய்விடும். குரல் மாறாது, தாடி தானாக உதிராது. எல்லாம் மெதுவாகத்தான் வரும், இரண்டு மூன்று வருஷம் ஆகும். எதற்கெல்லாம் என்ன சோதனை, எப்போது, என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

முடிந்தது, அக்கா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்து டீ வாங்கினேன். பாதி டீ குடித்த பிறகுதான் பேசினாள்: "இந்தம்மா கெட்டதையும் சேத்துச் சொல்லுறாக. அப்ப நல்லதாச் சொல்லுறதையும் நம்பலாம்."

கூட வந்தவர் கையெழுத்துப் போட ஒரு படிவம் இருந்தது. 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு பார்த்தேன். 'கூடப் பிறந்த அக்கா' என்று எழுதியிருந்தாள். இடம் பத்தாமல் கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

பொன்னுத்தங்கமும் அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டும் என்று அவளை மிரட்டிவிட்டுத்தான் அக்கா போயிருக்கிறாள். அவள் பயந்துபோய்ச் சரி என்று சொல்லிவிட்டாள்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன் மச்சான். இதை எழுத வேறு சுற்றுவழி தெரியவில்லை.

ஷாஹிதா


சிவகாசி,
2.11.2008

அன்புள்ள தங்கச்சி ஷாஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பைரோஜா எழுதுவது. எனக்கு எழுதி வழக்கமில்லை, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. தீபாவளி முடிந்து உன் மச்சான் காலண்டர் வேலையில் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவர் தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் உன்னால்தான் என்று நினைக்கிறாய். அது சரியில்லை. அந்த டப்பாவை அவர் காட்டியபோது முழுவதும் படித்தாலும் நான் கவனித்தது சரக்குப் பட்டியலைத்தான். வெந்தயமும் சோம்பும் என் அடுப்படியில் இருக்கிறது. நான் தின்னாததா? அது உன்னை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யக் கூடாது என்றுதான் கட்டி அனுப்பினேன். மாத்திரையை நிறுத்தினால் உடம்பு பழையபடி ஆகும், பழைய பிள்ளையாகத் திரும்பி வரும் என்று நினைத்தேன். ஈரல் கதையெல்லாம் சும்மா. இரண்டாவது தடவை எட்டு பாட்டிலையும் அந்த நினைப்போடுதான் கட்டினேன். உனக்கு அழுத்தம் ஏறும், கால் வீங்கும் என்று மட்டும் தெரியாது. அல்லா மேல் ஆணை, அது தெரியாது.

சொல்லாமல் ஊரைவிட்டுப் போனாயே, அதுதான் என் கோபம். என்னிடம் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், அழுதிருப்பேன், ஆனால் சோறு போட்டிருப்பேன். எழும்பூரில் நீ நின்றதைப் பார்த்தபோது, திரும்பி வர வேண்டிய பிள்ளை என்று யாரும் இல்லை, இவள்தான் அது என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத் தெரியாமல் கை ஏத்தமாக இருக்கிறது என்றேன்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாம், டீக்கடையிலும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த டாக்டரம்மா கெட்டதையும் ஒளிக்காமல் சொன்னதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

மன்னிக்க முடிந்தால் பதில் எழுது. முடியாவிட்டால் திட்டி எழுது, அதையும் எழுத்துக்கூட்டி முழுதாகப் படிப்பேன். ஆனால் மச்சானுக்கு எழுதி அதில் எனக்கு ஸலாம் சொல்லாதே. கவர் மேல் என் பெயரைப் போடு.

உன் அக்கா,
பைரோஜா